ஏரிக்கரைகளுக்கு இட்ட புள்ளிகள்



புள்ளியிடுவதிலே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. விடைத்தாள்களைத் திருத்தி, புள்ளிகளைக் கூட்டி, வகுத்து, பிள்ளைகளை முதலாவது, இரண்டாவது, முப்பத்தேழாவது என்று வரிசைப்படுத்துவது எங்கள் தொழில். அந்த வரிசையிலே உண்மை எவ்வளவு, எங்கள் வசதிக்காக நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு எவ்வளவு என்ற ஐயம் ஒவ்வொரு தவணை முடிவிலும் எனக்கு எழுவதுண்டு. ஆகவே, வட அமெரிக்காவிலே மாசுபட்ட ஏரிக்கரைகளுக்குப் புள்ளியிட்டுப் பட்டியல் வகுத்த வரலாற்றைப் படித்தபோது, அதனை ஓர் ஆசிரியனுடைய கண்கொண்டே படித்தேன். இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருப்பதும் அதுதான்.

கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் இடையே ஐந்து பேரேரிகள் கிடக்கின்றன. சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரன், ஈரி, ஒன்ராறியோ என்பன அவற்றின் பெயர்கள். (ஈரி ஏரி என்று விரைந்து சொன்னால் நாத் தடுமாறுகிறது, ஆதலால் ஈரி என்றே சொல்லிச் செல்கிறேன்.) உலகின் நிலப்பரப்பின் மேலுள்ள நன்னீரிலே ஐந்திலொரு பங்கு இவ்வைந்திலும் அடங்கும். சுப்பீரியர் ஒன்றின் பரப்பு மாத்திரம் 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். நமது இலங்கைத் தீவு முழுவதன் பரப்பையும்விட அது பெரிது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பை யார் அழுக்காக்கிவிட முடியும் என்றுதான் அக்கரைகளிலே உருக்காலைகளையும் காகித ஆலைகளையும் இரசாயனத் தொழிற்சாலைகளையும் நிறுவியவர்கள் எண்ணினார்கள்.

ஆனால் கழிவு ஏரியின் நடுவுக்குப் போவதில்லை. ஆறு ஏரியைச் சேரும் முகத்துவாரத்திலும், அலை தணிந்த துறைமுகத்திலும் நீரின் ஓட்டம் தளர்கிறது. ஓட்டம் தளர்ந்ததும் நுண்ணிய வண்டல் அடியிலே படிகிறது. எண்ணெய்த் தன்மையுள்ள நஞ்சுகள் நீரிலே கரைய விரும்புவதில்லை. வண்டலைப் பற்றிக்கொண்டு அதனோடு கீழே இறங்குகின்றன. மேலே நீர் தெளிந்திருக்கும். கீழே சேறு எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கும். அந்தச் சேற்றைப் புழு தின்கிறது; புழுவைச் சிறுமீன் தின்கிறது; சிறுமீனைப் பெருமீன் தின்கிறது; பெருமீனைக் கடற்காகமும் மனிதனும் தின்கிறார்கள். பீ.சீ.பீ. என்று சுருக்கமாக வழங்கும் குளோரீன் சேர்ந்த எண்ணெய்கள், மின்மாற்றிகளிலும் தொழிற்சாலை எந்திரங்களிலும் பல பத்தாண்டுகள் பயன்பட்டவை. அவை ஒவ்வொரு படியிலும் கொழுப்பிலே சேர்ந்து செறிந்து, உச்சப் படியிலுள்ள பறவையின் உடலிலே நீரிலிருப்பதைவிடப் பல இலட்சம் மடங்காகி நிற்கின்றன. பேரேரிகளின் மாசு முழுவதையும் ஒரு படத்திலே குறித்தால், அது நீலப் பரப்பிலே படர்ந்த கறையாகத் தோன்றாது. கரையோரத்திலே அங்கங்கே விழுந்த மைத்துளிகளாகவே தோன்றும். கரைகளை இடம் இடமாகப் பிரித்து வரிசைப்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு அடிப்படை இதுவே.

இதனை நாட்டு மக்கள் உணர்வதற்குச் சில அதிர்ச்சிகள் வேண்டியிருந்தன. 1969ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி, கிளீவ்லன்ட் நகரத்தினூடாகச் சென்று ஈரியைச் சேரும் கயஹோகா ஆற்றின்மேல் மிதந்த எண்ணெய் தீப்பற்றியது. ஆறு எரிந்த செய்தி எங்கும் பேசப்பட்டது. உண்மையில் அந்த ஆறு அதற்கு முன்னரும் பல தடவை எரிந்ததுண்டு. 1952இல் மூண்ட தீ இதனினும் பெரிது. அப்பொழுது நாடு அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு, 1970இல், மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்திலே விலங்கியல் ஆராய்ந்துகொண்டிருந்த நோர்வே நாட்டு மாணவர் நோர்வால்ட் பிம்ரைட் என்பவர், சென் கிளெயர் ஏரிப் பகுதி மீன்களிலே பாதரசம் மிகுந்திருப்பதைக் கண்டு அரசாங்கத்துக்கு அறிவித்தார். அவ்வாண்டின் இளவேனிற் காலத்திலேயே அந்த ஏரியில் மீன்பிடி நிறுத்தப்பட்டது. எரிந்த ஆறு கண்ணுக்குத் தெரிந்தது. பாதரசம் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அதைக் கண்டவர் பட்டம் பெறுவதற்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் என்பதை எனது உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை.

இரு நாடுகளுக்கும் இடையே 1909இலேயே எல்லை நீர் உடன்படிக்கை ஒன்று இருந்தது. ஒரு கரையிலுள்ளோர் மறுகரையிலுள்ளோரின் சுகத்துக்கும் சொத்துக்கும் கேடு வரும்படி நீரை மாசுபடுத்தலாகாது என்று அதிலே எழுதப்பட்டிருந்தது. அதன்வழி அமைந்த சர்வதேசக் கூட்டு ஆணைக்குழுவிலே நாட்டுக்கு மூவராக ஆறு ஆணையாளர் இருந்தனர். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. அதற்குச் செயல் வடிவம் கொடுக்க 1972இலே பேரேரிகளின் நீர்த்தர உடன்படிக்கை கைச்சாத்தாக வேண்டியிருந்தது. அதன் பின்னரே ஆணைக்குழு கரைகளை எண்ணத் தொடங்கியது.

எண்பதுகளின் தொடக்கத்திலே அவர்கள் செய்தது எங்கள் பாடசாலை முறையேதான். கேடு மிகுந்த இடங்களை 'அ' வகுப்பு என்றும், அதனினும் குறைந்தவற்றை 'ஆ' வகுப்பு என்றும் பிரித்தார்கள். சில ஆண்டுகளுள் அந்தப் பிரிவைக் கைவிட்டார்கள். 1985ஆம் ஆண்டு வகுத்த புதிய முறையிலே ஆறு படிகள் இருந்தன. நஞ்சு எவ்வளவு என்று அப்படிகள் கேட்கவில்லை. மாசின் காரணம் தெரியாது, அதைத் தேடுவாருமில்லை என்பது முதற் படி. காரணம் தெரியாது, ஆனால் தேடுகிறார்கள் என்பது இரண்டாவது. காரணம் தெரியும், திட்டமில்லை என்பது மூன்றாவது. இப்படியே ஏறி, ஆறாம் படியிலே ஏரியின் பயன் மீண்டது உறுதிப்பட்டு, இடம் பட்டியலிலிருந்து நீங்குகிறது. இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். ஒரு பிள்ளை முப்பத்தேழாவதாக வந்தான் என்று பெற்றோருக்கு எழுதியனுப்புகிறோம். அவன் ஏன் பின்தங்கினான் என்பதை நாம் அறிவோமா, அறிய முயல்கிறோமா என்பதை எந்த அறிக்கையிலாவது எழுதியிருக்கிறோமா? அங்கே அதை எழுதினார்கள்.

1987இலே உடன்படிக்கை திருத்தப்பட்டபோது, 'கவலைக்குரிய பகுதிகள்' என்ற பெயர் நிலைபெற்றது. 42 இடங்கள் குறிக்கப்பெற்றன. 1991இலே ஈரிக் கரையிலுள்ள பிரஸ்க் ஐல் குடா சேர, 43 ஆயின. ஓர் இடத்தை அங்கே நிறுத்துவதும் நீக்குவதும் பதினான்கு பயன்கேடுகளைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. மீனை உண்ணத் தடையுண்டா, மீனுக்குக் கட்டி வருகிறதா, பறவைக் குஞ்சு அங்கவீனமாகப் பிறக்கிறதா, அடித்தளத்துப் புழு பூச்சிகள் நலிந்தனவா, குளிக்கும் கரை மூடப்படுகிறதா, தூர்வாரிய சேற்றைப் போட இடமில்லையா என்று அவை செல்கின்றன. எந்தச் செம்படவனும் எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்விகள் அவை. ஹியூரன் ஏரியின் கொலிங்வூட் துறைமுகம் 1994இலே முதன்முதலாகப் பட்டியலிலிருந்து நீங்கியது. அதன் பின்னர் வேறு சில நீங்கின. பெரும்பாலானவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

இப்பொழுது மற்றொரு பட்டியலுக்கு வருகிறேன். இது அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு மட்டும் உரியது. இதன் தோற்றத்திலே ஒரு பாடசாலை நிற்கின்றது. ஈரியிலிருந்து ஒன்ராறியோவுக்கு நீர் கொண்டு செல்லும் நயாகரா ஆற்றின் அருகே, முற்றுப்பெறாத பழைய வாய்க்கால் ஒன்று இருந்தது. லவ் வாய்க்கால் என்பது அதன் பெயர். அதனுள்ளே 1942ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ 21,000 தொன் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, மேலே மண் போடப்பட்டது. 1953இலே அந்த நிலம் ஒரு டொலர் விலைக்கு அவ்வூர்க் கல்விச் சபைக்குக் கைமாறியது. அதன்மேல் ஆரம்ப பாடசாலை எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978 ஓகஸ்ற் மாதத்திலே அங்கு அவசரநிலை பிரகடனப்படுத்தப்பட்டது, பாடசாலை மூடப்பட்டது, குடும்பங்கள் வெளியேறின. மலிவாகக் கிடைத்த காணியிலே பாடசாலைக்கு இடம் தேடியவர்களை நான் எளிதிலே குறைகூற மாட்டேன். கட்டடத்துக்கும் விளையாட்டிடத்துக்கும் நிலமின்றி அலைந்த எந்த அதிபரும் அந்த ஒரு டொலரின் கவர்ச்சியை அறிவார்.

அதன் விளைவாக 1980இலே ஒரு சட்டம் பிறந்தது. நாடு முழுவதிலும் மிக அபாயமான கழிவிடங்களைப் பட்டியலிட வேண்டும்; அவை 400க்குக் குறையலாகாது என்று சட்டம் கூறியது. ஆயிரக்கணக்கான இடங்களிலே எவற்றைத் தெரிவது? சூழற் பாதுகாப்பு முகவரகம் 1982இலே அபாயத் தரப்படுத்தல் முறை என்ற ஒன்றை வகுத்தது. அதிலே நூற்றுக்கு 28.5 புள்ளி பெற்ற இடம் பட்டியலிலே சேரும். நேயர்களே, இந்த 28.5 எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அவ்வளவு நஞ்சு உடம்புக்கு ஆகாது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. சட்டம் கேட்ட 400 இடங்களைத் தரக்கூடிய எல்லையாக அது அமைந்தது, அவ்வளவுதான். 1983இலே வெளிவந்த முதற் பட்டியலிலே 406 இடங்கள் இருந்தன. பல்கலைக்கழகத்திலே இத்தனை இடமுண்டு, ஆகவே இதுவே வெட்டுப்புள்ளி என்று சொல்லும் வழக்கத்தை அறிந்த நமக்கு இதிலே புதுமை ஒன்றுமில்லை. 28 புள்ளி பெற்ற இடத்தின் அருகே குடியிருப்பவர் நஞ்சிலிருந்து தப்பினார் என்று மட்டும் எண்ணிவிடலாகாது.

காகிதமும் பென்சிலும் கையிலுள்ள மாணவர்கள் இந்தக் கணக்கைச் சற்றுக் குறித்துக்கொள்ளலாம். நஞ்சு மனிதனை அடையும் வழிகள் நான்கு: நிலத்தடி நீர், ஆறும் ஏரியுமாகிய மேல்நீர், மண், காற்று. ஒவ்வொரு வழிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி. நான்கையும் கூட்டி நான்கால் வகுப்பதே நாம் அறிந்த சராசரி. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் முதலிலே வர்க்கமாக்கி, வர்க்கங்களைக் கூட்டி, நான்கால் வகுத்து, பின்னர் வர்க்கமூலம் காண்கிறார்கள். ஓர் இடம் மூன்று வழிகளிலே சூனியமும், மேல்நீர் வழியிலே மட்டும் 57உம் பெற்றதென்று வையுங்கள். சாதாரண சராசரி 14¼ மாத்திரமே. இவர்கள் முறையிலோ சரியாக 28.5 வருகிறது, இடம் பட்டியலிலே ஏறிவிடுகிறது. ஒரே வழியாக வரும் பெருங்கேட்டை மற்ற மூன்று வழிகளின் நன்மை மூடிமறைக்க இம்முறை விடுவதில்லை. கணிதம் கற்பிப்போர் வர்க்கமூலத்தால் என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைக்கு இதனைச் சொல்லலாம்.

ஆனால் ஒவ்வொரு வழியின் புள்ளியும் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்க்கும்போது எனது மகிழ்ச்சி சற்றுக் குறைகிறது. நஞ்சு வெளியேறும் வாய்ப்பு ஒன்று. நஞ்சின் கொடுமையும் அளவும் மற்றொன்று. அது சென்று தாக்கும் இலக்கு மூன்றாவது. இலக்கு என்பது அந்த நீரைக் குடிக்கும் மக்கள், பிடிபடும் மீன், நலிந்த உயிர்களின் உறைவிடம் முதலியன. மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்குகிறார்கள். பெருக்கலிலே ஒன்று சூனியமானால் முழுவதும் சூனியம். எவ்வளவு கொடிய நஞ்சாயினும், அருகிலே எண்ணத்தக்கவர் ஒருவருமில்லையென்றால் புள்ளியில்லை. நகரத்து ஏரிக்கரை ஏறும். காட்டோரத்து ஏரிக்கரை இறங்கும். பணம் அளவாக இருக்கும்போது மக்கள் மிகுந்த இடத்தை முதலிற் பார்ப்பது நியாயமே என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்வேன். எனினும் யாரை இலக்காக எண்ணுகிறோம் என்பதிலே தவறு நேரலாம். முதலிலே வகுத்த முறை குடிநீரைக் கணக்கெடுத்த அளவுக்கு மீன் உண்போரைக் கணக்கெடுக்கவில்லை. ஏரியிலிருந்து உணவுச் சங்கிலி வழியாக வரும் கேட்டையும் சேர்க்க வேண்டும் என்று 1986இலே சட்டம் திருத்தப்பட்டு, 1990 டிசெம்பரிலே புதிய முறை வெளிவந்தது. நான் மேலே சொன்ன நான்கு வழிக் கணக்கு அப்புதிய முறைக்கு உரியது. பழையதிலே வழிகள் மூன்று. வெட்டுப்புள்ளி மட்டும் மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டியலிலே சேர்வது அனுமதிப் பரீட்சை போன்றது. கூடிய புள்ளி பெற்ற இடம் முதலிலே துப்புரவாகும் என்ற பொருள் அதற்கில்லை என்று முகவரகமே கூறுகிறது. ஒவ்வொரு மாநிலமும் புள்ளியைப் பாராது ஓர் இடத்தை ஒரே ஒரு தடவை தானாகவே நியமிக்கலாம் என்றும் சட்டத்திலே இடமுண்டு. எந்தப் பரீட்சையிலும் பின்கதவு ஒன்று இருக்கத்தான் செய்கிறது!

இரண்டு கரைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். சிக்காகோ நகருக்கு வடக்கே மிச்சிகன் ஏரியின் கரையிலே வோகீகன் துறைமுகம் இருக்கிறது. படகு எந்திரங்கள் செய்த தொழிற்சாலை ஒன்றிலே பயன்பட்ட எண்ணெய் வழியாகப் பெருந்தொகை பீ.சீ.பீ. துறைமுகச் சேற்றிலே படிந்தது. 1983ஆம் ஆண்டின் முதற் பட்டியலிலேயே அது இடம்பெற்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே சேற்றை வாரினார்கள். படகுகள் நிற்கும் பழைய ஒதுக்கிடம் ஒன்றையே சுவரெழுப்பி அடைத்து அதனுள்ளே நஞ்சைப் பூட்டினார்கள். எனினும் முதன்முறை விட்டுவைத்த மெல்லிய நஞ்சும் மீனைக் கெடுக்கப் போதுமாயிருந்தது. 2012, 2013ஆம் ஆண்டுகளிலே துறைமுகத்தை மீண்டும் வாரினார்கள்.

மற்றது சுப்பீரியர் ஏரியின் தென்கரையிலே, கீவினோ தீபகற்பத்திலுள்ள ரோச் ஏரி. நூறாண்டு காலம் செப்புத் தாதுவை இடித்துப் பிரித்த ஆலைகள், எஞ்சிய மணலை அவ்வேரியிலே கொட்டின. ஏறத்தாழ 200 மில்லியன் தொன் மணல் விழுந்து, ஏரியின் கொள்ளளவிலே ஐந்திலொரு பங்கு தூர்ந்துபோயிற்று. அங்கே பிடித்த மீன்களிலே கட்டிகள் காணப்பட்டமையால் அச்சம் எழுந்தது. 1986இலே அதுவும் பட்டியலிலே சேர்ந்தது. ஆராய்ந்து பார்த்தபோது மனிதருக்கு வரும் அபாயம் அஞ்சிய அளவுக்கு இல்லை எனக் கண்டார்கள். கரையிலே கிடந்த மணலை மண்ணாலும் புல்லாலும் மூடினார்கள். ஏரியின் அடித்தளத்தை அப்படியே விட்டார்கள். அந்தச் செம்புச் சேற்றிலே புழுக்கள் வாழ்வது அரிது. அவ்வளவையும் வாரியெடுப்பது எவராலும் இயலாது. புதிய வண்டல் படிந்து மூடும்வரை காத்திருக்க வேண்டியதே. மனிதனைக் கொண்டு அளந்தால் இந்த ஏரி ஏறக்குறையச் சித்தியடைந்துவிட்டது. புழுவைக் கொண்டு அளந்தால் நிலை வேறு. இரண்டும் உண்மையே.

காத்திருப்பதும் ஒரு வழிதான். ஹியூரன் ஏரியின் ஸ்பானிஷ் துறைமுகத்தை 1999இலே 'மீட்சியிலுள்ள பகுதி' என்று அறிவித்து, செய்யக்கூடியதெல்லாம் செய்தாயிற்று, இனி இயற்கை செய்யட்டும் என்று விட்டார்கள். ஆனால் ஏரிகளின் பொறுமை ஒரே அளவினதன்று. ஈரியின் நீர் மூன்றாண்டுக்குள் மாறிவிடும். சுப்பீரியரின் நீர் முழுவதும் மாறுவதற்கு 190 ஆண்டுகள் செல்லும்.

இந்த வரலாற்றிலே நமது மக்களுக்கு நேரடித் தொடர்புள்ள கரை ஒன்று உண்டு. பேரேரிகளிலே கடைசியானது ஒன்ராறியோ. மேலேயுள்ள நான்கின் நீரும் அதற்குள்ளேதான் வருகிறது. அதன் மேற்கு மூலையிலே ஹமில்ரன் துறைமுகம். உருக்காலைகளின் அருகே, ரன்டில் றீவ் என்னுமிடத்திலே, நிலக்கரித் தாரிலிருந்து வரும் நஞ்சு சேற்றிலே கலந்து கிடந்தது. பேரேரிகளின் கனடியக் கரையிலே இதுபோன்ற கொடிய சேறு இவ்வளவு பெரிதாக வேறெங்கும் இல்லை என்பதை எல்லோரும் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். பட்டியலிலே அதன் இடம் பற்றி ஒருவருக்கும் ஐயமில்லை. யார் பணம் கொடுப்பது என்பதிலேதான் ஆண்டுகள் கழிந்தன. மத்திய அரசாங்கம், மாகாண அரசாங்கம், நகரங்கள், துறைமுக நிருவாகம், உருக்குக் கம்பனி ஆகிய எல்லாரும் இணங்கிய பின்னரே, 2010களின் நடுப்பகுதியில் வேலை தொடங்கியது. மிகக் கொடிய சேற்றைச் சுற்றி இரட்டை உருக்குச் சுவர் எழுப்பி, ஆறு ஹெக்ரெயருக்கு மேற்பட்ட பெட்டியொன்றை ஏரிக்குள்ளேயே அமைத்து, சுற்றியுள்ள சேற்றையும் வாரி அதனுள்ளே இட்டார்கள்.

அதே ஏரியின் வடகரையிலே இருக்கிறது ரொறன்ரோ. இந்நாட்டிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. 1987இலே குறிக்கப்பெற்ற கவலைக்குரிய பகுதிகளிலே ரொறன்ரோக் கரையும் ஒன்று. குழாயிலே வரும் நீரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அது சுத்திகரிக்கப்பட்டு வருவது. பார்க்க வேண்டியது மீனை. பீ.சீ.பீ. உற்பத்தி எழுபதுகளின் பிற்பகுதியிலேயே நின்றுவிட்டது. மீன்களிலே அதன் அளவும் பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் முற்றாகப் போகவில்லை. ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் மீன் உண்போருக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு வருகிறது. எந்த நீர்நிலை, எந்த மீன், எத்தனை சென்ரிமீற்றர் நீளம், மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று அதிலே வகுத்திருக்கிறார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்க்கும் வேறான, குறைந்த அளவுகள் காட்டப்பட்டுள்ளன. இதுவும் ஒரு தரவரிசைதான். ஆனால் இதன் புள்ளி சமையலறை வரைக்கும் வந்துவிடுகிறது.

அங்கே உறவினர் உள்ளவர்கள் இதை எழுதியனுப்பலாம். விடுமுறை நாளிலே தூண்டில் போடுவோர் பெரிய மீன் அகப்பட்டதென்று மகிழ்வார்கள். வயது முதிர்ந்த பெரிய மீனிலேதான் நஞ்சு கூடுதல். பாதரசம் தசையிலே சேர்வதாகையால் எப்படிச் சமைத்தாலும் அது போகாது. பீ.சீ.பீ. கொழுப்பிலே நிற்பது, தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, கொழுப்பு வடியும்படி அனலிலே வாட்டினால் குறையும். நம்மவர் வழக்கப்படி தோலோடு துண்டமிட்டுக் குழம்பு வைத்தால், உருகிய கொழுப்பு எங்கும் போவதில்லை. குழம்பிலேயே நிற்கும், அந்தக் குழம்பைத்தான் பிள்ளைகளின் சோற்றிலே விடுகிறோம்.